இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கோப்பைத் திறப்பவர் யார்? அமைப்புக் கோப்பு வடிவங்கள்: ஐஎன்ஐ முதல் டாமல் வரை ஓர் ஒப்பீடு

தை மாதக் கடைசி. மன்னார்குடிப் பக்கத்து அரவை ஆலை ஒன்றின் வாசலில் சம்பா நெல் ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. இரவு ஒன்பது மணிக்கு ஆலைக் கணக்கர் என்னை அழைத்தார். "தம்பி, எடைமேடையில் எண் தெரிகிறது, கம்ப்யூட்டரில் வரவில்லை." யாரோ கூட்டிப் பெருக்கும்போது கேபிள் கழன்று, வேறொரு யூஎஸ்பி துளையில் செருகப்பட்டிருக்கிறது. விண்டோஸ் அதற்குக் காம் 5 என்று புது போர்ட் எண் கொடுத்துவிட்டது. என் நிரலோ காம் 3-ஐப் பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தது. போர்ட், பிரிண்டர் போன்ற விவரங்களை எழுதிவைக்கும் அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் முடிந்தது வேலை. கோப்பு இருக்கும் இடத்தைச் சொன்னேன். நோட்பேடில் திறந்தார், மாற்றினார், சேமித்தார். அதன் பிறகு நிரல் திறக்கவே இல்லை.

அது ஜேசன் கோப்பு; மதிப்புகளை அடைப்புக்குறிக்கும் மேற்கோள் குறிக்கும் நடுவில் எழுதும் வடிவம். எண்ணை அழிக்கும்போது பக்கத்திலிருந்த மேற்கோள் குறியும் சேர்ந்து போயிருக்கிறது. கும்பகோணத்திலிருந்து பைக்கில் போய், ஒரு மேற்கோள் குறியைப் போட்டுவிட்டு, நள்ளிரவில் வீடு திரும்பினேன்.

டெல்டாவில் சொந்தமாக மென்பொருள் செய்து கொடுக்கும் இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: அமைப்புகளை நிரலுக்குள் புதைக்கக் கூடாது என்பது புரிகிறது, வெளியே எந்த வடிவத்தில் வைப்பது? இந்தக் கேள்வியை அழகையும் வேகத்தையும் வைத்து முடிவு செய்வது வழக்கமாக இருக்கிறது. நிரல் தொடங்கும்போது ஒரு தடவை படிக்கிற கோப்புக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. அழகும் எழுதுகிறவர் கண்ணுக்குத்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில், யார் கை படும் என்று பாருங்கள். நிரலர் மட்டும் தொடும் கோப்பு வேறு, கணக்கர் நோட்பேடில் திறக்கும் கோப்பு வேறு, நிரல் தானே எழுதிக்கொள்ளும் கோப்பு வேறு. மற்ற எல்லாக் கேள்விகளும் இதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, தவறு நேர்ந்தால் அது எப்படி வெளியே தெரியும் என்பது. "இந்த வரியில் பிழை" என்று நின்றுவிடுவது நல்லது. சத்தமில்லாமல் வேறு மதிப்பை எடுத்துக்கொண்டு ஓடுவது ஆபத்து. அது மாதக் கடைசியில், கணக்கு இடிக்கும்போதுதான் தெரியவரும்.

தமிழ் எழுத்தைத் தாங்குமா, பக்கத்தில் குறிப்பு எழுத இடம் உண்டா, கடவுச்சொல்லை நம்பி வைக்கலாமா என்பவை அடுத்தவை. கடைசியாக மறைமுகச் செலவு: பின்னால் வரப்போகும் தொலைபேசி அழைப்புகள், பெட்ரோல்.

எல்லா வடிவங்களையும் ஒரே சோதனையில் நிறுத்துகிறேன். பில் தலைப்பில் அச்சாகும் எஸ்டிடி குறியீடு கும்பகோணத்துக்கு 0435. மேற்கோள் குறி போடாமல் அதை அப்படியே எழுதினால் என்ன ஆகிறது?

## ஐஎன்ஐ

விண்டோஸின் ஆரம்ப காலத்திலிருந்து இருப்பது. சதுர அடைப்புக்குள் தலைப்பு, அதன் கீழ் பெயர், சமக்குறி, மதிப்பு. பேரேட்டில் தலைப்பிட்டு வரி எழுதிப் பழகிய கணக்கருக்கு விளக்கமே தேவையில்லை. விண்டோஸ் பாதையில் வரும் பின்சாய்வுக் கோடும் அப்படியே நிற்கும். 0435 என்று எழுதினால் 0435.

எல்லா மதிப்பையும் வெறும் எழுத்தாகவே அது வைத்துக்கொள்வதால்தான் இந்த நல்ல பெயர். எண்ணாக, ஆம்-இல்லையாக மாற்றுவது உங்கள் பொறுப்பு. பைதான் நிரல்மொழியில் 'ஃபால்ஸ்' (பொய்) என்ற சொல்லை நேரே பூலியன், அதாவது ஆம்-இல்லை வகை, ஆக்கினால் 'ட்ரூ' (உண்மை) என்றுதான் வரும். காலியாக இல்லாத எந்தச் சொல்லும் அதற்கு உண்மைதான். ஐஎன்ஐ படிக்கப் பைதானோடு வரும் கான்ஃபிக்பார்சரில் இதற்குத் தனி வழி இருக்கிறது. அதை மறந்து நான் ஒரு கடைக்கு ஒரு வாரம் எல்லாப் பில்லையும் இரட்டைப் பிரதியாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொரு கண்ணி சதவீதக் குறி. ஈரப்பத உச்சவரம்பு என்ற வரியில் 17 என்று இருந்ததை ஓர் ஆலை முதலாளி 17% என்று திருத்தினார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். கான்ஃபிக்பார்சருக்கோ அந்தக் குறி 'வேறொரு மதிப்பை இங்கே கொண்டுவந்து வை' என்ற கட்டளையின் தொடக்கம். உடனே பிழை. அந்த இடைச்செருகல் வசதியை அணைத்துவிட்டுத்தான் ஐஎன்ஐ-யைத் தொட வேண்டும். நிரலே கோப்பைத் திரும்ப எழுதினால் நீங்கள் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் காணாமல் போவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பொதுத் தரம் என்று ஒன்று கிடையாது. ஒரு நிரல்மொழியின் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) குறிப்பாக ஒதுக்குவதை இன்னொன்று மதிப்பாக எடுத்துக்கொள்ளும்.

இருபது முப்பது வரி, உள்ளடுக்கு எதுவும் இல்லை, திறப்பவர் கணக்கர் என்றால் இதுவே போதும்.

## ஜேசன்

டக்ளஸ் கிராக்ஃபோர்டு வகுத்தது. 2006-ல் ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வந்து, இப்போது புழங்குவது 2017-ல் வெளியான 8259-ஆம் எண் ஆவணம். இயந்திரமும் இயந்திரமும் பேசிக்கொள்ள இதைவிட நல்ல வடிவம் இல்லை. மனிதக் கை பட்டால்தான் தொல்லை.

0435 என்று எழுதினால் ஏற்காது, நிற்கும். அது நல்லதுதான். ஆனால் பைதான் சொல்லும் காரணத்தைப் பாருங்கள்: 'இங்கே காற்புள்ளி வர வேண்டும்.' முதல் சுழியை முழு எண்ணாக எடுத்துக்கொண்டு, அதற்கடுத்த 4-ஐப் பார்த்து விழிக்கிறது. இதைத் தொலைபேசியில் கணக்கரிடம் விளக்கிப் பாருங்கள்.

குறிப்பு வரி எழுத அதில் இடமே இல்லை. காம் 3 எடைமேடைக்கு, காம் 4 ஈரப்பதமானிக்கு என்று பக்கத்தில் எழுதிவைக்க முடியாத கோப்பை இன்னொருவர் கையில் கொடுப்பது நியாயமில்லை. பின்சாய்வுக் கோட்டை இரண்டு முறை எழுத வேண்டும் என்பதும் வெளியாளுக்குத் தெரியாது; ஒருமுறை எழுதி, அடுத்த எழுத்து ஆங்கில 'என்' ஆகவோ 'டி' ஆகவோ அமைந்துவிட்டால் அது புதுவரியாக, டேப் இடைவெளியாக மாறிக் கோப்புறையின் பெயரே சிதைந்துவிடும். இங்கே ஜேசன் கத்துவதும் இல்லை.

நிரல் தானே எழுதித் தானே படிப்பவற்றுக்கு ஜேசனை நான் விடமாட்டேன்: சாளரத்தின் அளவு, கடைசியாகத் தேர்ந்த பிரிண்டர். எழுதும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மிஞ்சுவது சுழி பைட் கோப்பு. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு ஜெனரேட்டரில் ஓட்டிய நாட்களில் இதைப் போதும் போதும் என்னும் அளவுக்குப் பார்த்தேன். பக்கத்தில் தற்காலிகக் கோப்பு ஒன்றில் எழுதி, வட்டில் பதிந்தது உறுதியான பிறகு பெயரை மாற்றுங்கள். பைதானில் இது நான்கைந்து வரி.

## யாமல்

உள்தள்ளலால் அடுக்குகளைக் காட்டும் வடிவம் இது. சோதனை முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைதானில் பரவலாகப் புழங்கும் பையாமல் நூலகத்தில் 0435 என்று எழுதினால் 285 என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. சுழியில் தொடங்கி, எல்லா இலக்கமும் 7-க்குள் இருந்தால் அது எட்டின் அடிமானத்தில் எழுதிய எண் என்று யாமல் 1.1 கருதுகிறது. தஞ்சாவூரின் 04362 இப்படி 2290 ஆகும், திருவாரூரின் 04366 போய் 2294 நிற்கும். காரைக்காலின் 04368 மட்டும் தப்பித்துவிடும். அதில் 8 இருக்கிறதே. நான்கு ஊர்க் கிளைகளில் ஒன்றில் மட்டும் சரியாக வேலை செய்யும் கோப்பை வைத்துக்கொண்டு காரணம் தேடுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நேரத்திலும் இதே கதைதான். காப்புப் பிரதி எடுக்க 17:30 என்று எழுதினால் அறுபதின் அடிமானத்தில் கணக்கிட்டு 1050 ஆக்கிவிடும். 09:30 என்று எழுதினாலோ சுழியில் தொடங்குவதால் எழுத்தாகவே விட்டுவிடும். காலையில் சரி, மாலையில் தவறு. நார்வே நாட்டின் இரண்டெழுத்துக் குறியீடு 'நோ' என்பதால் அது 'ஃபால்ஸ்' ஆகிவிடும் கதை உலகம் முழுக்கப் பிரபலம். 2009-ல் வந்த 1.2 பதிப்பு இந்த விதிகளைக் கைவிட்டது. ஆனால் எந்த நூலகம் எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறது என்பதைத் தேடிப் பார்ப்பது உங்கள் பாடு.

உள்தள்ளலுக்கு டேப் கூடாது, இடைவெளிதான். இரண்டு இடைவெளி குறைந்தால் பல சமயம் பிழை வராது. அந்த வரி வேறொரு தலைப்பின் கீழ் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியாள் தரும் யாமலைப் பாதுகாப்பான முறையில் படிக்கவில்லையென்றால் கோப்புக்குள்ளிருந்தே கட்டளை ஓட்டவும் முடியும்.

டாக்கர் காம்போஸ், குபர்நெட்டிஸ், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் ஆகிய நிரலர் கருவிகள் யாமலைக் கேட்கின்றன. அங்கே எழுதுங்கள், எழுத்து மதிப்பு ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் போட்டு எழுதுங்கள். ஆலைக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் கொண்டுவராதீர்கள்.

## டாமல்

கிட்ஹபை நிறுவியவர்களில் ஒருவரான டாம் பிரஸ்டன்-வெர்னர் 2013-ல் தொடங்கியது, 1.0 பதிப்பு 2021 ஜனவரியில் வந்தது. முகம் ஐஎன்ஐ போல, கண்டிப்பு ஜேசன் போல. 0435 என்று எழுதினால் வரி எண்ணைச் சொல்லி நிற்கும். குறிப்பு எழுதலாம். ஒற்றை மேற்கோளுக்குள் விண்டோஸ் பாதையை அப்படியே ஒட்டலாம். நேரத்துக்கும் தேதிக்கும் தனி வகை உண்டு, 1.0-ல் வினாடியையும் சேர்த்து 17:30:00 என்று எழுத வேண்டும்.

பைதான் 3.11 முதல் இதைப் படிக்கும் நூலகம் கூடவே வருகிறது. இந்த வரியைப் படித்து நம்பித்தான் நான் ஏமாந்தேன். ஆலைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிறது. பைதான் 3.9 முதலே விண்டோஸ் 7-ல் நிறுவ முடியாது. எனவே 3.8-ஐ வைத்துக்கொண்டு டாமலி என்ற தனி நூலகத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. பைதானோடு வருவது படிக்க மட்டுமே செய்யும்; குறிப்புகள் அழியாமல் திரும்ப எழுத டாமல்கிட் வேண்டும்.

எழுத்து மதிப்புக்கு மேற்கோள் கட்டாயம் என்பதைக் கணக்கர்கள் மறக்கத்தான் செய்கிறார்கள். மறந்தால் நிற்கும். வரி எண்ணைப் படித்துச் சொல்வார்கள், தொலைபேசியிலேயே தீர்த்துவிடலாம்.

இடையில் தமிழ்ப் பெயர்கள் பற்றி ஒரு வார்த்தை. கணக்கருக்குப் புரியட்டும் என்று வரிகளின் பெயரையே தமிழில் வைத்துப் பார்த்தேன். டாமல் 1.0-ல் அப்படிப்பட்ட பெயரை மேற்கோளுக்குள் இட வேண்டும், அது பரவாயில்லை. சிக்கல் 'கொள்முதல்' என்ற சொல்லில் வந்தது. யூனிகோடில் 'கொ' எழுத இரண்டு வழி: ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியாக இடலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் இடலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஒப்பிடும் நிரலுக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய ஒரு வரியால் அரை நாள் போயிற்று. இப்போது பெயர்களை ஆங்கிலத்தில் வைத்து, மேலே தமிழில் குறிப்பு எழுதிவிடுகிறேன்.

## நோட்பேட் வசூலிக்கும் வரி

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் இதற்குத் தப்ப முடியாது. விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்துவிடும். வேறு பெயரில் சேமிக்கிறவர் கண்ணுக்குத் தெரியாமல் அதன் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். 2019-க்கு முந்தைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று (தமிழையும் தாங்கும் குறிமுறை அது) சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் முத்திரை விழும். அதைக் கண்டு பைதானின் ஜேசன் படிப்பான் நின்றுவிடும், கான்ஃபிக்பார்சர் 'தலைப்பு இல்லை' என்று சொல்லும். ஆன்சி என்ற பழைய குறிமுறையில் சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும்.

எதிர்ப்பக்கத் தவறு நம்முடையது. விண்டோஸில் பைதான் கோப்பைத் திறக்கும்போது குறிமுறையைச் சொல்லாமல் விட்டால் மேற்கத்திய மொழிகளுக்கான பழைய 1252 குறிப் பக்கத்தைக் கொண்டு படிக்கும். நம் மெய்யெழுத்துப் புள்ளியின் கடைசி பைட் அந்தப் பக்கத்தில் இல்லாத ஒன்று. ஆகவே 'மன்னார்குடி' என்ற முகவரி வரியில் முதல் புள்ளி வரும் இடத்திலேயே நிரல் விழும். முத்திரை இருந்தால் நீக்கிவிட்டுப் படிக்கும் யூடிஎஃப்-8 முறையைக் கேட்டுத் திறப்பது இரண்டுக்கும் மருந்து.

## சூழல் மாறிகள்

சூழல் மாறி என்பது கோப்பு இல்லாமல் இயக்க முறைமையே நிரலுக்குக் கொடுக்கும் மதிப்பு. 2011-ல் ஹெரோக்கு என்ற கிளவுட் நிறுவனத்துக்காரர்கள் எழுதிய பன்னிரண்டு அம்சக் கொள்கை, அமைப்புகளைச் சூழல் மாறிகளில் வைக்கச் சொல்கிறது. சர்வருக்கு அது சரி. ஒரே நிரல், இடத்துக்கு ஓர் அமைப்பு. கடவுச்சொல் நிரல் களஞ்சியத்துக்குள் வராது.

ஆலை மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது. மாற்றினாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குத் தெரியாது. மூடித் திறக்க வேண்டும், சில சமயம் கம்ப்யூட்டரையே. என்ன மதிப்பு இருக்கிறது என்று ஒரு பார்வையில் காணவும் முடியாது. எல்லாம் எழுத்துதான், ஆகவே 0435 பிழைக்கும், 'ஃபால்ஸ்' கண்ணி இங்கேயும் உண்டு.

சூழல் மாறிகளை எழுதிவைக்கும் புள்ளி-என்வி (.env) கோப்பு இதற்கும் ஐஎன்ஐ-க்கும் நடுவில் நிற்பது. கடவுச்சொல்லில் # குறி இருந்து மேற்கோள் இல்லையென்றால் சில நூலகங்கள் பாதியை வெட்டிவிடும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் காத்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் அந்தக் கோப்பைத் தவறி ஏற்றிவிட்டால், அடுத்த காமிட்டில் (பதிவில்) அழித்துப் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

எக்ஸ்எம்எல் என்ற பழைய வடிவம் பற்றியும் கேட்கிறார்கள். பழைய டாட்நெட் நிரலைப் பராமரிப்பவர்களுக்கு வேறு வழியில்லை. புதிதாகத் தொடங்குவோருக்குத் தேவையும் இல்லை.

## கோப்பிலேயே வைக்கக் கூடாதவை

2022 ஜூலை 18 முதல், பொதியிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும் என்று மாற்றினேன். ஆகஸ்டில் ஒரு வாடிக்கையாளர் ஜூன் மாதப் பில்லுக்குப் பிரதி கேட்டார். அப்போது இல்லாத ஜிஎஸ்டியோடு அச்சாயிற்று.

நெல் ஈரப்பதமும் அப்படித்தான். அரசு கொள்முதலில் 17 சதவீதம் என்பது பொது வரம்பு. மழையைப் பொறுத்து 2022 அக்டோபரில் 19 வரைக்கும், 2023 பிப்ரவரியில் 20 வரைக்கும் தளர்த்தப்பட்டது. மாதக்கணக்கில் மாறும் இவற்றுக்கு 'எந்தத் தேதியிலிருந்து' என்ற விவரமும் வேண்டும். அதற்குத் தரவுத்தள அட்டவணைதான் இடம். பொருள், மதிப்பு, நடைமுறைத் தேதி, மாற்றியவர் என நான்கு பத்தி (நெடுவரிசை). பழையதை அழிக்காமல் புதிய வரி சேர்க்க வேண்டும். திருத்த ஒரு திரை கட்டுவதும், யார் திருத்தலாம் என்று உரிமை வைப்பதும் கூடுதல் வேலை. என் கணக்கில் இரண்டு நாள்.

மூட்டை எடையை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம், வியாபாரியிடம் 60 கிலோ மூட்டை. இது கொடுக்கல் வாங்கலின் தன்மையைப் பொறுத்தது, கம்ப்யூட்டரைப் பொறுத்தது அல்ல. ஆகவே அதுவும் அட்டவணைக்குத்தான்.

| வடிவம் | 0435 என்ன ஆகும் | குறிப்பு வரி | எப்போது எடுக்கலாம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|---|
| ஐஎன்ஐ | அப்படியே நிற்கும் | உண்டு | சிறிய கோப்பு, திறப்பவர் கணக்கர் | வகை மாற்றம் உங்கள் வேலை. சதவீதக் குறி |
| ஜேசன் | பிழை, குழப்பும் செய்தியோடு | இல்லை | நிரல் தானே எழுதுவது | கை பட்டால் உடையும் |
| யாமல் 1.1 | 285 | உண்டு | கருவி கேட்டால் மட்டும் | சத்தமில்லாத் தவறுகள் |
| டாமல் | பிழை, வரி எண்ணோடு | உண்டு | மனிதர் எழுதி நிரல் படிப்பது | பழைய விண்டோஸில் தனி நூலகம் |
| சூழல் மாறி | அப்படியே நிற்கும் | இல்லை | சர்வர், கடவுச்சொல் | கண்ணுக்குத் தெரியாது |
| அட்டவணை | பத்தியின் வகையைப் பொறுத்தது | தனிப் பத்தி வைக்கலாம் | தேதியோடு மாறும் விகிதம் | திரை, உரிமை, காப்புப் பிரதி |

## மன்னார்குடி ஆலையில் இப்போது

போர்ட், பிரிண்டர் பெயர், பில் தலைப்பு ஆகியவை டாமலில். சாளர அளவு போன்ற சில்லறை விஷயங்கள் ஜேசனில், கணக்கர் கண்ணில் படாத கோப்புறையில். ஜிஎஸ்டியும் மற்ற விகிதங்களும் அட்டவணையில். சென்னையில் இருக்கும் காப்புப் பிரதி சர்வரின் கடவுச்சொல் மட்டும் அந்தச் சர்வரின் சூழல் மாறியில்.

நிரல் தொடங்கியதும் டாமலில் உள்ள ஒவ்வொரு மதிப்பையும் சரிபார்க்கிறது. தவறு இருந்தால் 'ஏழாவது வரி: எடைமேடை போர்ட் காம் 3 போல இருக்க வேண்டும்' என்று தமிழில் சொல்கிறது, கடைசியாகச் சரியாக ஓடிய பிரதியைப் பக்கத்தில் வைத்திருந்து, அதைக் கொண்டு தொடரலாமா என்று கேட்கிறது. எந்த வடிவத்தை எடுத்திருந்தாலும் இதை எழுதியே ஆக வேண்டியிருந்திருக்கும். வடிவத்தைத் தேர்வதற்கு ஆன நேரத்தைவிட இதற்குத்தான் அதிக நேரம் ஆயிற்று.

போர்ட் எண்ணை எழுதவே தேவையில்லாதபடி, யூஎஸ்பி மாற்றியின் வரிசை எண்ணைப் பார்த்து நிரலே கண்டுபிடிக்கட்டும் என்றும் முயன்றேன். எடைமேடைக்கும் ஈரப்பதமானிக்கும் வாங்கிப் போட்டிருப்பவை ஒரே மலிவு ரக மாற்றிகள். இரண்டிலும் வரிசை எண்ணே இல்லை. ஆகவே அந்த இரண்டு வரிகளும் டாமலில் இருக்கின்றன, மேலே தமிழில் குறிப்போடு. யூஎஸ்பி துளைகள் இரண்டின் மேலும் கணக்கர் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, 'எடை', 'ஈரம்' என்று பேனாவால் எழுதிவைத்திருக்கிறார்.